கோபம் கூடியவனும் பயம் குறைந்தவனும்

பதினான்கு வயதுப் பையன்கள் இருவர். ஒருவன், யாரோ தோளில் இடித்துவிட்டதற்காகக் கையை ஓங்கிவிடுகிறான்; கொஞ்ச நேரத்தில் அழுகிறான், இரவெல்லாம் அதையே நினைத்துப் புழுங்குகிறான். இன்னொருவன், தன்னைவிடச் சின்னவனிடம் பணம் பிடுங்குவதற்காக நிதானமாகத் திட்டம் போட்டு அடிக்கிறான். அடிவாங்கியவன் அலறியது அவனை ஒன்றும் செய்யவில்லை. பள்ளிப் பதிவேட்டில் இரண்டும் ஒரே குற்றம், தண்டனையும் ஒன்றுதான். ஆனால் இருவரின் மூளையும் ஏறக்குறைய நேரெதிராக வேலை செய்திருக்கிறது.

இதில் முதலில் கவனிக்கவேண்டியது அமிக்டலா. மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம் பருப்பு அளவில் இருக்கும் நரம்புசெல் கொத்து. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலைகளில் ஒன்று. எதிரே இருப்பவர் முகத்தில் பயம் தெரிந்தாலே அது விழித்துக்கொள்ளும். லண்டனில் உளவியலாளர் எஸ்ஸி வீடிங்கின் குழு, நடத்தைப் பிரச்சினை உள்ள பையன்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, பயந்த முகம் ஒன்றை வெறும் 17 மில்லிநொடி காட்டி, உடனே சாதாரண முகம் ஒன்றால் அதை மறைத்தது. எதைப் பார்த்தோம் என்றே பையனுக்குத் தெரியாது. ஆனாலும் அமிக்டலா பதில் சொன்னது: பிறர் வலி உறைக்கும் பையன்களிடம் கூடுதலாக, உறைக்காத பையன்களிடம் குறைவாக. 2012-இல் வெளியான இந்த முடிவு எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. அலட்சியமாக இருக்கலாம் என்று ஒருவன் முடிவெடுப்பதற்கு முன்பே, பார்த்த கணத்திலேயே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது.

பிறர் வலி உறைக்காத பையனுக்கு, பயந்த முகத்தை அடையாளம் காண்பதே சிரமம். ஆஸ்திரேலியாவில் உளவியலாளர் மார்க் டாட்ஸ் இதைச் சோதித்தபோது ஒரு சின்ன விஷயம் சிக்கியது. இந்தப் பிள்ளைகள் எதிரே இருப்பவரின் கண்ணைச் சரியாகப் பார்ப்பதில்லை. பயம் அதிகம் தெரிவது அகல விரிந்த கண்ணில்தானே! “கண்ணைப் பார்” என்று சொன்னதும், பயத்தை அடையாளம் காண்பதில் இருந்த குறை அப்போதைக்கு மறைந்தது. நோயால் இரண்டு அமிக்டலாவும் சிதைந்துபோன ஒரு பெண்ணிடமும் ஆய்வாளர்கள் இதையே கண்டார்கள். கண்ணைப் பார்க்கும்படி சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் அவருக்குப் பயம் புரிந்தது. சொல்வதை நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டது. அப்படியானால், பயத்தை உணர்வதோடு, எங்கே பார்க்கவேண்டும் என்று கவனத்தைத் திருப்பிவிடுவதும் அமிக்டலாவின் வேலை போலும். பார்க்கவேண்டிய இடத்தைச் சிறுவயதிலிருந்தே பார்க்காத குழந்தை, தன்னால் அடுத்தவருக்கு வலிக்கிறது என்ற பாடத்தை எங்கிருந்து கற்கும்?

சரி, சட்டென்று கை ஓங்கும் முதலாமவன்? அவனிடம் இதே அமைப்பு மிகையாகக் கூர்மையாகியிருக்கிறது. உளவியலாளர் சேத் போலக்கும் அவருடைய சக ஆய்வாளரும், மங்கலான முகப் படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாக்கிக் காட்டினார்கள். வீட்டில் அடி வாங்கி வளர்ந்த குழந்தைகள், மற்றவர்களைவிட முன்னதாகவே, படம் இன்னும் தெளியாதபோதே, கோபத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கை எப்போது ஓங்கப்படும் என்று தெரியாத வீட்டில் அது உயிர்காக்கும் திறமை. வகுப்பறையில் அதுவே வினையாகிறது: தற்செயலாக இடித்தவன் முகத்திலும் அப்படி வளர்ந்தவனுக்குப் பகை தெரிகிறது.

மரபணுவின் பங்கும் இரண்டு வகைக்கும் ஒன்றல்ல. ஏழு வயது இரட்டையர்களை வைத்து வீடிங் 2005-இல் வெளியிட்ட கணக்குப்படி, பிறர் வலி உறைக்காத தன்மையோடு சேர்ந்து வரும் சமூகவிரோத நடத்தையில் மரபின் செல்வாக்கு 81 சதவீதம். அந்தத் தன்மை இல்லாதவர்களில் 30 சதவீதம். 81 என்றதும் தலையெழுத்து என்று கையை விரித்துவிடத் தோன்றும். அவசரப்படவேண்டாம். தத்துக்கொடுக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஓர் அமெரிக்க ஆய்வில், பெற்ற தாயிடம் சமூகவிரோதப் போக்கு இருந்தாலும், வளர்க்கும் தாய் குழந்தையை அடிக்கடி பாராட்டி ஊக்குவித்தால், அந்த மரபு ஆபத்து பெரிதாகத் தலைதூக்கவில்லை.

இந்த இரண்டிலும் சேராத பெருங்கூட்டம் ஒன்றும் இருக்கிறது. சிறுவயதில் ஒழுங்காக இருந்து, பதின்பருவத்தில் கண்ணாடி உடைத்து, கடையில் திருடி, இருபதுகளில் தானாக அடங்கிவிடுபவர்கள். இந்தத் தற்காலிகக் கூட்டத்தை, குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி நீடிப்பவர்களிடமிருந்து உளவியலாளர் டெர்ரி மாஃபிட் 1993-இல் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். தற்காலிகக் கூட்டத்தின் விஷயத்தில் மூளை வளரும் வரிசைதான் பெரிய காரணம். பரிசுக்கும் பரவசத்திற்கும் துள்ளும் உட்பகுதிகள் பருவமடையும்போதே முறுக்கேறிவிடுகின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். ஆனால் பதின்பருவ மூளையை ‘பிரேக் இல்லாத வண்டி’ என்று எல்லோரும் சொல்வது பாதிதான் சரி. தனியாக இருக்கும்போது பதினாறு வயதுப் பிள்ளை நன்றாகவே யோசிக்கும். உளவியலாளர்கள் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-இல் வெளியிட்ட கார் விளையாட்டுச் சோதனையில், கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது பதின்பருவத்தினர் எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. பிறகு நடந்த ஸ்கேன் ஆய்வில், நண்பர்கள் அடுத்த அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததே போதுமாக இருந்தது: மூளையின் பரிசு மையம் தூண்டப்பட்டது.

அப்புறம், ஸ்கேன் எடுத்தால் என் பிள்ளை எந்த வகை என்று தெரிந்துவிடுமா? தெரியாது. மேலே சொன்னதெல்லாம் குழுக்களின் சராசரி. தனி ஒருவரின் படத்தை வைத்து இவன் குற்றவாளியாவான் என்று சொல்பவரை நம்பவேண்டாம். மருத்துவர்கள் நடத்தையையும் உணர்ச்சியையும் பல இடங்களில், பலரிடம் விசாரித்துத்தான் முடிவு செய்கிறார்கள். 2013-இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டில் நடத்தைக் கோளாறு என்பதோடு, குற்றவுணர்வும் பரிவும் குறைந்திருக்கிறதா என்ற தனிக் குறிப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அந்தக் குறிப்பால் என்ன பயன் என்பது சிகிச்சையில் தெரிகிறது. டேவிட் ஹாவ்ஸ், டாட்ஸ் இருவரும் சிறுவர்களின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தப்புச் செய்த பிள்ளையைச் சற்று நேரம் தனியே உட்காரவைக்கும் தண்டனை, வலி உறைக்காத பையன்களிடம் சரியாகப் பலிக்கவில்லை. அதற்கு அவர்கள் கலங்கியதே குறைவு. நல்ல நடத்தைக்கு உடனுக்குடன் பாராட்டும் பரிசும் கொடுப்பதோ, மற்றப் பையன்களிடம் எவ்வளவு பலித்ததோ அவ்வளவு அவர்களிடமும் பலித்தது.