சிரிப்பு வந்தால்தான் அங்கதமா?

சென்ற மாதம் ஒரு மாணவனின் தந்தை என்னைத் தொலைபேசியில் அழைத்து, தேர்வறையில் மின்விசிறிக் காற்று வாங்குவதற்கான கட்டணத்தை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று கேட்டார். கட்டணக் கொள்ளையைக் குத்திக்காட்டி யாரோ எழுதியிருந்த அங்கதச் செய்தியை, பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் உண்மையென்று நம்பி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருக்கிறான். "மின்தடை நேரத்துக்குக் கழிவு கிடையாது" என்ற வரியில்கூட எவரும் ஒரு கணம் நிற்கவில்லை. இந்தக் கல்வியாண்டில் எனக்கு இது நான்காவது அனுபவம்.

அதே மாணவன்தான் காலாண்டுத் தேர்வில் புகழ்வதுபோலப் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சி அணியின் இலக்கணத்தைப் பிழையின்றி எழுதி, 'தேவர் அனையர் கயவர்' என்னும் குறளைச் சான்றாகக் காட்டி முழு மதிப்பெண் பெற்றவன். அந்த மதிப்பெண்ணை வழங்கியவன் நான் என்பதால், அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் எழவில்லை.

அங்கதம் என்றால் நகைச்சுவை என்ற எண்ணம் மாணவர்களிடம் மட்டுமல்லாமல் ஆசிரியர் அறையிலும் ஊறிக் கிடக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பிரிக்கிறது. முன்னது வெளிப்படையாக வைவது, பின்னது வசையைச் சொல்லுக்குள் ஒளித்து வைப்பது. இரண்டுக்கும் வசையே அடிப்படை. கேட்பவர் சிரித்தாக வேண்டும் என்ற நிபந்தனை அந்த விளக்கத்தில் இல்லை. 1729-இல் ஜோனதன் ஸ்விஃப்ட் என்னும் எழுத்தாளர், அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை ஒரு வயதானதும் செல்வந்தர்களின் உணவுக்கு விற்றுவிடலாம் என்று, கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு, ஒரு குழந்தைக்குப் பத்து ஷில்லிங் வரை கிடைக்கும் என்று விலையும் சொல்லி எழுதினார். அதை வகுப்பில் விளக்கியபோது ஒருவரும் சிரிக்கவில்லை, "இவரைச் சிறையில் போடவில்லையா ஐயா?" என்றாள் ஒரு மாணவி. ஏழைகளை வெறும் எண்ணிக்கையாகப் பார்த்தவர்களின் கணக்கையே அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டுகிறார் என்பது பிடிபட அவளுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. இந்தத் தவறான எண்ணத்துக்கு மறுபக்கமும் உண்டு. உடன் பயிலும் பிள்ளையின் நிறத்தைக் கேலி செய்துவிட்டு, "சும்மா கலாய்த்தேன் ஐயா, அங்கதம்தானே" என்று என்னிடமே வந்து சொல்கிறார்கள். அங்கதம் அதிகாரத்தையும் போலித்தனத்தையும் குறிவைப்பது. எளியவரைக் குத்துவதற்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்.

நான் இப்போது புறநானூற்றின் 95-ஆம் பாடலை, அணியின் பெயரைச் சொல்லாமலே தொடங்குகிறேன். அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, இவையோ பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன, அதியமானின் படைக்கலங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறிய பட்டறையில் ('கொல்துறைக் குற்றில') கிடக்கின்றன என்கிறார். தொண்டைமானைப் புகழ்கிறார் என்றே வகுப்பு முழுவதும் விடை சொன்னது. கடைசி வரிசையில் இருந்த, கொல்லுப்பட்டறை வைத்திருப்பவரின் மகன் மட்டும் எழுந்து, "வேலை செய்யும் அரிவாள் பட்டறைக்கு வராமல் இருக்குமா ஐயா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு நான் விளக்குவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆசிரியர்களே, 'இது அங்கதம்' என்று பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்காதீர்கள். கண்டுபிடிக்கும் வேலையை அவர்களிடம் விடுங்கள். சொல்வது ஒன்று, சுட்டுவது வேறொன்று என்றால், சுட்டப்படுபவர் யார், எந்த வரியில் அளவு மீறுகிறது, எழுதியவர் தாம் சொல்வதைத் தாமே நம்புகிறாரா என்று கேளுங்கள். விடைநூலில் இருக்கும் இரண்டு வரிக்கு மதிப்பெண் தருவதை நிறுத்துங்கள் (நானும் நிறுத்திவிட்டேன்). மாணவர்களே, தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பகிராதீர்கள். அந்தத் தளம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதையும் பாருங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். 2012-இல் அமெரிக்க அங்கத இதழான 'தி ஆனியன்', வடகொரியாவின் கிம் ஜாங் உன்னை உலகின் மிகக் கவர்ச்சியான ஆண்மகன் என்று அறிவித்தபோது, சீனாவின் 'பீப்பிள்ஸ் டெய்லி' நாளேட்டின் இணையதளம் அதை மெய்யென்று கொண்டு 55 படங்களோடு வெளியிட்டது. செய்தியே தொழிலாக இருப்பவர்கள் தவறிய இடத்தில் பதினாறு வயதுப் பிள்ளை தவறினால், கைப்பேசியைப் பிடுங்கி வைக்காமல், அந்தச் செய்தியை அவனோடு உட்கார்ந்து மீண்டும் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள்.