வாசலில் ஒரு ப்ளக் பாயிண்ட் கேட்பதற்கு முன்

மின்சார ஸ்கூட்டர்கள் தெருவுக்குத் தெரு வந்துவிட்ட பிறகு, எங்களைப் போன்ற மின் ஒப்பந்தக்காரர்களுக்கு அடிக்கடி வரும் அழைப்பு, வண்டிக்குச் சார்ஜ் போட வாசலில் ஒரு பாயிண்ட் வைத்துத் தர வேண்டும் என்பதுதான். கேட்பவர் எல்லோருமே இதை அரை மணி நேர வேலை என்றே நினைக்கிறார்கள். பெட்டியைச் சுவரில் பொருத்துவதற்கு உண்மையில் அவ்வளவு நேரம்தான் ஆகும். ஆனால், அந்தப் பெட்டிக்கு மின்சாரம் அனுப்பப் போகும் வீட்டு வயரிங் அதற்குத் தகுதியாக இருக்கிறதா என்பதைப் பார்க்கத்தான் மீதி நேரம் தேவைப்படுகிறது.

சென்னைப் புறநகரில், கட்டி முப்பது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு வீட்டுக்கு மழைக்காலத் தொடக்கத்தில் போயிருந்தேன். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். "ஒரு பாயிண்ட்தானே தம்பி, மதியத்துக்குள் முடிந்துவிடும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு அழைத்துச் சென்றார். ஹாலில் இருந்த ப்ளக்கிலிருந்து ஜன்னல் கம்பி வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வெளியே வந்து, கவிழ்த்து வைத்த பெயிண்ட் டப்பாவின் மேல் இருந்த ஜங்க்ஷன் பாக்ஸில் முடிந்தது. ஹாலில் அந்த வயரின் முனையில் ப்ளக்கே இல்லை. இரண்டு வயர்களைச் சீவித் துளைகளில் செருகி, நழுவாமல் இருக்கத் தீக்குச்சிகளை இறுக்கியிருந்தார்கள். மூன்றாவதான பச்சை வயரை, அதாவது எர்த் வயரை, வெட்டி மடக்கி விட்டிருந்தார்கள். இரண்டு மாதமாக அந்த வண்டி இப்படித்தான் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் இத்தகைய ஏற்பாடு வெளியில் ஒரே மழையில் ஆளைக் கொல்லக்கூடும். நனைந்த உடலின் மின்தடையைத் தோராயமாக 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டைத் தொட்டபடி வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்பவரின் உடல் வழியாக ஏறத்தாழ 230 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு சிறு பங்கே போதும் என்பதால்தான், மனித உயிரைக் காக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர் என்ற வரம்பை வைத்திருக்கிறார்கள். மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான 16 ஆம்பியர் எம்சிபியோ 230 மில்லி ஆம்பியரை ஒரு சிறிய பல்ப் எரிகிறது என்ற அளவில்தான் எடுத்துக்கொள்ளும்.

"எர்த் இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். எர்த் கட்டாயம் வேண்டும். அது மட்டும் போதாது. எர்த் வயர் மண்ணில் இறங்கும் எர்த் குழியின் தடை 10 ஓம் என்று கொண்டால், மின்சாரம் வரும் பேஸ் வயர் சாதனத்தின் உலோக உடம்பில் பட்டாலும் குழி வழியாக அதிகபட்சம் 23 ஆம்பியர்தான் போகும். வீடுகளில் போடும் சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழ வேண்டுமானால் குறைந்தது 80 ஆம்பியராவது பாய வேண்டும். 23 ஆம்பியருக்கு அது பல நிமிடங்கள், சில நேரம் ஒரு மணி நேரம் வரைகூட விழாமல் நிற்கும். அவ்வளவு நேரமும் அந்த உடம்பைத் தொடுபவருக்கு ஆபத்துதான். எனவே வெளிப் பாயிண்ட் கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, வீட்டு லைன்கள் பிரியும் டிபி பாக்ஸில், மின்கசிவைப் பிடிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்பதைத்தான். பேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். மேலே சொன்ன 230 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தால் 40 மில்லி நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும்.

ஆசிரியர் வீட்டில் ஆர்சிசிபி இல்லை. பொருத்தினோம். அன்று மாலையே கைப்பேசியில் அழைத்து, படிக்கட்டு விளக்கைப் போட்டால் வீடு முழுவதும் இருட்டாகிறது என்றார். இந்தக் கட்டத்தில்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது: "புதுக் கருவி ஒத்துவரவில்லை" என்று அதைக் கழற்றிவிட்டு நேர் இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். மறுநாள் போய்ப் படிக்கட்டுச் சுவரின் சுவிட்ச் பாக்ஸைத் திறந்தேன். எறும்பு மண் அப்பியிருந்த அந்தப் பெட்டியில், விளக்குக்குப் போகும் கறுப்பு வயரைப் பச்சை வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். எப்போதோ பைப்புக்குள் நியூட்ரல் அறுந்திருக்கிறது. சுவரை உடைக்காமல் வேலையை முடிக்க, வந்தவர் எர்த் வயரையே நியூட்ரலாக்கிவிட்டார். விளக்கு 9 வாட் எல்இடிதான். அதுவே ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியராவது இழுக்கும். அது முழுவதும் எர்த் வழியாகத் திரும்பியதால் ஆர்சிசிபி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

மழை ஊறிய எர்த் குழியில் கம்பி துருப்பிடித்து அறுந்துபோயிருந்தால், அந்த விளக்கு வழியாக வந்த மின்சாரம் போக வழியின்றி வீட்டின் எல்லாப் பச்சை வயர்களிலும் நின்றிருக்கும். கிரைண்டர், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் உடம்பு, நான் புதிதாக வைத்த வாசல் பாயிண்டின் எர்த் பின் எல்லாம் ஷாக் அடித்திருக்கும். புது நியூட்ரல் இழுக்க ஒரு பகல் முழுவதும் ஆனது. 

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூசியையும் நீரையும் தடுக்கும் திறனைக் குறிக்கும் ஐபி எண்ணில், ஐபி 55 அல்லது அதற்கு மேற்பட்ட தரம் கேளுங்கள். ஆனால், மூடி திறந்திருக்கும்போது அந்தத் தரத்துக்குப் பொருளில்லை என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். இரவெல்லாம் சார்ஜ் ஆகும் வண்டிக்கு, ப்ளக் செருகிய நிலையிலும் மூடக்கூடிய ஆழமான மூடிதான் சரி. சன்ஷேடுக்குக் கீழே, தரையிலிருந்து நான்கடி உயரத்தில் வையுங்கள். 2015 வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய பகுதி என்றால் அந்தக் கோட்டுக்கு மேலே. பைப் கீழிருந்துதான் பெட்டிக்குள் நுழைய வேண்டும். மேலிருந்து வந்தால் மழைநீர் பைப்பின் மீது வழிந்து உள்ளே இறங்கும். பெட்டியைச் சுற்றிச் சிலிக்கோன் பூசும்போது மேற்புறமும் பக்கங்களும் போதும். தப்பித் தவறி உள்ளே போன நீர் வெளியேற அடிப்பக்கம் திறந்திருக்கட்டும்.

ஹால் ப்ளக்கிலிருந்து கிளை எடுக்காமல், டிபியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் தனி லைன், 16 ஆம்பியர் எம்சிபி, வீட்டுக்குள்ளே பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் என்று அமைப்பதே என் வழக்கம். ஸ்கூட்டர் சார்ஜருக்கு இது அதிகம் என்று தோன்றலாம். ஆனால் அதே பாயிண்டில் ஒருநாள் 1,500 வாட் பிரஷர் வாஷரை யாராவது மாட்டுவார்கள். அது 6 ஆம்பியர் சாக்கெட் தாங்கும் சுமை அல்ல. கேட் வரை மண்ணுக்கடியில் கொண்டுபோவதானால் உலோகக் கவசம் கொண்ட ஆர்மர்டு கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் மணல் பரப்பிப் புதைத்து, மேலே செங்கல் அடுக்க வேண்டும். தோட்டத்தில் மண்வெட்டி போடுபவருக்குக் கேபிள் இருப்பதைச் சொல்வது அந்தச் செங்கல்தான்.

இவ்வேலையை அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரின் பொறுப்பில்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். வேலை முடிந்ததும் எர்த் தடையை உங்கள் முன்னிலையில் எர்த் டெஸ்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். டெஸ்ட் விளக்கை மாட்டி "எரிகிறது பாருங்கள்" என்று காட்டுவது போதாது. எர்த் வயரை நியூட்ரலாக்கியிருந்த ஆசிரியர் வீட்டில்கூடப் படிக்கட்டு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றிவிடுங்கள். ஆசிரியர் பால் கணக்கு முடிக்கும் ஒன்றாம் தேதியில் அழுத்துவதாகச் சொன்னார். அழுத்துவதற்கு முன் டிவியை அணைத்துவிட வேண்டும் என்று அவருடைய மனைவி மட்டும் கேட்டுக்கொண்டார்.