மாறுநிலைப் புள்ளியில் எது மாறுகிறது?

ஒரு பொருளின் திரவத்துக்கும் ஆவிக்கும் வேறுபாடே மறைந்துபோகும் வெப்பநிலை, அழுத்தத்தை இயற்பியலில் ‘கிரிட்டிக்கல் பாயிண்ட்’ என்பார்கள். அதை மாறுநிலைப் புள்ளி என்றே இங்கே எல்லோரும் எழுதுகிறார்கள். “திரவம் வாயுவாக மாறுவதால் மாறுநிலை” என்று விளக்கம் வேறு. தவறு. அப்படி மாறுவது கொதிநிலையில்.

‘கிரிட்டிக்கல்’ என்பதன் மூலச்சொல் கிரேக்கம், பிரித்தறிதல், தீர்மானித்தல் என்று பொருள். கார்பன் டை ஆக்சைடை ஆராய்ந்த தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869இல் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயர்க்கதை அவ்வளவுதான்.

சரி, அங்கே நடப்பது என்ன? கெட்டியான மூடிய குழாயில் பாதியளவு திரவ கார்பன் டை ஆக்சைடு, மேலே அதன் ஆவி. சூடேற ஏறத் திரவம் விரிந்து அடர்த்தி குறைகிறது, ஆவிக்கோ அடர்த்தி கூடுகிறது. 31 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நடுவிலிருக்கும் கோடு மங்குகிறது, உள்ளே பால்போலக் கலங்குகிறது, அப்புறம் கோடே இல்லை. கொதிக்கவும் இல்லை. இரண்டின் அடர்த்தியும் ஒன்றாகி, உள்ளுறை வெப்பம், அதாவது திரவத்தை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம், சுழியாகிவிட்டது. தண்ணீருக்கு இது 374 டிகிரியில், சுமார் 218 வளிமண்டல அழுத்தத்தில் நடக்கிறது. அந்த வெப்பநிலைக்கு மேல், ஆவி திரவம் என்று இரண்டாகப் பிரிய வழியே கிடையாது, எவ்வளவு அழுத்தினாலும்.

அதாவது, ஆவி-திரவ நிலைமாற்றம் என்பதே அங்கே முடிந்துபோகிறது. அந்த இடத்துக்கா மாறுநிலை என்று பெயர்? நிலைமாற்றம், மாறுநிலை என்று அதே இரண்டு சொற்களை முன்பின்னாகப் போட்டுவிட்டு, ஒன்று நடப்பது, மற்றது அது நின்றுபோவது என்றால் படிக்கிற பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? பனிக்கட்டி உருகுவதும்தான் மாறுகிற நிலை. மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்திக்கு மாறுநிலை வெப்பநிலை என்பது பொருந்தும், அங்கே உண்மையிலேயே மாறுகிறது. அதற்காக எல்லா இடத்திலும் அதையே ஒட்டலாமா? ‘நெருக்கடிப் புள்ளி’ இன்னும் மோசம், அகராதியில் கண்ணில் பட்டதை எடுத்து வைத்தது. பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்காமலே சொல்லாக்கம் செய்தால் இப்படித்தான் வரும்.

இலங்கைப் பாடநூல்களின் ‘அவதி’ கருத்தளவில் சரி. வடமொழியில் அதற்கு எல்லை என்று பொருள். ஆனால் நம் காதில் துன்பம் என்றுதான் விழுகிறது.

என் தேர்வு வரம்புப் புள்ளி, வரம்பு வெப்பநிலை. திரவமாக்க முடியும் என்பதற்கான வரம்பு அதுதான். ஒளியியலில் வரும் மாறுநிலைக் கோணத்தையும் (கிரிட்டிக்கல் ஆங்கிள்) வரம்புக் கோணம் என்றே சொல்லலாம். கண்ணாடிக்குள்ளிருந்து காற்றை நோக்கி வந்து, அந்தக் கோணத்தைத் தாண்டிப் படும் ஒளி வெளியேறாமல் முழுதாகத் திரும்பிவிடுகிறதே.