டம்ளரின் வாயும் மூளையின் திருத்தமும்

வரையப் பழகுகிறவர் ஒருவர் முன் எவர்சில்வர் டம்ளரை வைத்து வரையச் சொன்னால், அதன் வாயைப் பெரும்பாலும் கண்ணில் படுவதைவிடக் குண்டான நீள்வட்டமாகவே வரைவார். கை பழகாததுதான் காரணம் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் பிழையில் பெரும்பங்கு மூளையுடையது. மேசையில் கிடக்கும் வட்டத்தட்டைச் சாய்வாகப் பார்ப்பவர்கள், விழித்திரையில் விழும் வடிவத்தைவிட வட்டத்துக்கு நெருக்கமான வடிவத்தையே கண்டதாகக் காட்டுகிறார்கள் என்பதைப் பிரிட்டிஷ் உளவியலாளர் ராபர்ட் தவுலெஸ் 1931இல் வெளியிட்டார். பொருள் வட்டமானது என்று அறிந்த மூளை, காட்சியை அதன் பக்கம் இழுத்துவிடுகிறது.

விளிம்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கோடுகள் சேர்ந்து ஒரு கூம்பாகின்றன. வரைதாளை அதன் குறுக்கே நிறுத்திய கண்ணாடியாகக் கருதினால், வெட்டுமுகமாகக் கிடைப்பதே நீள்வட்டம். பார்வை சாயும் கோணத்தின் சைன் மதிப்பே ஏறத்தாழ அதன் குற்றச்சுக்கும் (குறுகிய குறுக்களவு) நெட்டச்சுக்கும் (நீண்ட குறுக்களவு) உள்ள விகிதம். டம்ளரின் வாய் கண்ணிலிருந்து கிடையாக 60 செ.மீ. தள்ளியும் 35 செ.மீ. கீழேயும் இருந்தால் கோணம் சுமார் 30 பாகை, விகிதம் பாதி. இன்னும் 10 செ.மீ. கீழே உள்ள அடிவட்டத்துக்கோ கோணம் 37 பாகையாகி, விகிதம் 0.6 ஆகிவிடுகிறது. அதாவது, மேசை தட்டையாயிற்றே என்று பலரும் நேர்கோடாக இழுத்துவிடும் அந்த அடிப்பகுதிதான் வாயைவிடக் கூடுதலாக வளைய வேண்டும்.

நீள்வட்டத்தைச் சரியாகப் பொருத்த முதலில் அதைச் சுற்றிய சதுரம் சரியாக அமைய வேண்டும்; பெட்டிகளை வரைந்து பழகச் சொல்வது இதற்காகவே. நம்மைவிட்டு விலகிச் செல்லும் இணைவிளிம்புகள் படத்தில் ஒரே மறைபுள்ளியை நோக்கிக் குவியும். 1435இல் இத்தாலியக் கட்டடக்கலைஞர் ஆல்பெர்ட்டி தரைக்கட்டங்களை இவ்விதம் வரையும் முறையை எழுதி, கட்டங்களின் மூலைவிட்டம் ஒரே கோடாகச் செல்கிறதா என்று சரிபார்க்கவும் சொன்னார். அவ்வாறு வரைந்த சதுரத்துக்குள் நீள்வட்டத்தைப் பொருத்தும்போது வியப்பான ஒன்று தெரியவரும்: மூலைவிட்டங்கள் வெட்டும் இடமே வட்டத்தின் மையம், நீள்வட்டத்தின் மையமோ அதற்குச் சற்று முன்னே, நம் பக்கமாக விழுகிறது. அருகிலுள்ள பாதி பெரிதாகத் தெரிவதால் அப்படி. இரண்டையும் ஒன்றாக்கிய படத்தில் டம்ளர் சாய்ந்தது போலிருக்கும்; பார்ப்பவருக்கு ஏனென்று சொல்லத் தெரியாது.

கைக்கும் அதற்கான கணக்கு உண்டு. மணிக்கட்டு மட்டும் அசைந்தால் பேனா வில்லாகத்தான் வளையும். நீண்ட நேர்கோட்டுக்குத் தோளும் முழங்கையும் சேர்ந்து திரும்ப வேண்டும். கண் பிழையைக் கண்டு கை திருந்துவதற்கு ஒரு நொடியில் பத்திலொரு பங்குக்கும் மேல் ஆகுமாதலால், மெதுவாக இழுக்கும் கோட்டில் அத்திருத்தங்கள் நடுக்கமாகப் பதிகின்றன. தாளைத் தொடாமல் நாலைந்து முறை கையை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே வீச்சில் இழுத்தால், கோடு இடம் சற்றுத் தவறினாலும் நேராக இருக்கும். தொடக்கத்தில் அதுவே மேல்.

நீள்வட்டத்தில் கை தானாகவே வேகம் மாற்றும்: வளைவு மிகும் இடத்தில் மெதுவாகவும் குறையும் இடத்தில் விரைவாகவும் ஓடும் என்பதை 1983இல் கையசைவை ஆராய்ந்த லாக்வானிட்டியும் இரு சக ஆய்வாளர்களும் அளந்து ஒரு விதியாகவே எழுதினர். இரு முனைகளிலும் கை மெதுவாவது இயல்பு. ஆனால் அங்கே நின்று திசை மாற்றினால் முனை மீன்வால் போலக் கூர்மையாகும். பேனாவை எடுக்காமல் இரண்டு சுற்று வரைகிறவர்களுக்கு அந்தக் கூர்முனை அரிதாகவே வருகிறது.