நம்ம கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு வோஷிங் மெஷின்

போன மாரிக்கு எங்கள் யாழ்ப்பாண வீட்டு வோஷிங் மெஷின், உடுப்புப் பிழிகிற கட்டம் வந்தால் பலாலியில் விமானம் எழும்புவதுபோலச் சத்தம் போடத் தொடங்கியது. வெளிநாட்டில் செய்தது, முன்பக்கத்தால் திறப்பது, ஏழு வருசம் உழைத்தது. கொக்குவிலில் இருந்து திருத்துகிற அண்ணை ஒருவர் வந்து, பின்தகட்டைக் கழற்றி, டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பெயரிங் போச்சு தம்பி. பெயரிங் என்னட்டயே இருக்கு, ஆனா உள்ளுக்குப் போக வழியில்லை" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை மெஷினை முற்றத்தில் பிரித்துப் போட்ட பிறகுதான் விளங்கிக்கொண்டேன். இந்த மெஷின்களில் டிரம்மின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பெயரிங் 6205, 6206 என்று உலகம் முழுக்க ஒரே இலக்கத்தில் வருவது, மோட்டார் சைக்கிள் சாமான் கடையிலும் கிடைக்கும். ஆனால் டிரம்மைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தொட்டி இரண்டு பாதியாகச் செய்யப்பட்டு, சூட்டில் உருக்கி ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தது. முந்திய மெஷின்களில் அந்த இரண்டு பாதியையும் வட்டமாகப் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள், கழற்றலாம், மாற்றலாம். ஒட்டிய தொட்டி என்றால் சின்ன ஒரு பெயரிங்குக்காக டிரம்மோடு முழுத் தொட்டியையும் வாங்க வேண்டும். அந்தத் தொட்டி எந்த நாட்டில் இருந்து, எத்தனை மாதத்தில் வரும் என்று விற்ற கடையிலும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு நாள் அந்த மெஷின் முற்றத்தில் கிடந்தது. எனக்கு அதை விட்டு நகர மனம் வரவில்லை.

முதலில் கண்ணில் பட்டது சீமெந்து. தொட்டியின் மேலே ஒன்றும் முன்பக்க வாயைச் சுற்றி ஒன்றுமாக இரண்டு கொங்கிறீட் கட்டிகள், இரண்டும் சேர்ந்து 20 கிலோவுக்குக் குறையாது. மெஷினின் மொத்த எடையே 65, 70 கிலோதான், அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட வெறும் கல்லும் மணலும் சீமெந்தும். இது கப்பலில் கடல் கடந்து வந்திருக்கிறது. 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கி, 1990இல் போரோடு நின்றுபோன காங்கேசன்துறை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்.

ஏன் இவ்வளவு பாரம்? நிமிடத்துக்கு 1200 தரம் சுற்றும் ஒரு டிரம்மை எடுத்துக்கொள்ளுங்கள், குறுக்களவு 48 சென்ரிமீற்றர். அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் உடுப்பு, பூமி இழுக்கும் இழுவையைப்போல 380 மடங்குக்கு மேலான விசையோடு வெளியே தள்ளப்படுகிறது. தண்ணீர் துளைகளால் பறந்துபோவது அதனால்தான். ஆனால் ஈரச் சாரம் ஒன்று சுருண்டு ஒரு பக்கத்தில் அரைக் கிலோ கூடிப்போனால், அந்த அரைக் கிலோ டிரம்மை 190 கிலோ பாரம்போல இழுக்கும், அதுவும் ஒரே திசையில் இல்லை, செக்கனுக்கு 20 தரம் சுற்றிச் சுற்றி. தொட்டி பாரமாக இருந்தால் அதே இழுப்புக்குக் குறைவாக அசையும். அதற்குத்தான் கொங்கிறீட். தொட்டியை மேலே ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, கீழே மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற அதிர்வுதாங்கிகள் வைத்திருப்பதும் இதற்காகவே.

இதில் இன்னொரு அழகு இருக்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால்தான் உயரமாக ஆடும், தாளம் தப்பி வேகவேகமாகத் தள்ளினால் ஆடாது. ஸ்பிரிங்கில் தொங்கும் தொட்டிக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு, அது மெதுவானது. டிரம் வேகமெடுக்கும்போது இடையில் ஓர் இடத்தில் அந்தத் தாளத்தோடு பொருந்தும், அப்போதுதான் மெஷின் குலுங்கி நடக்கப் பார்க்கும். அதைத் தாண்டிவிட்டால் அமைதியாகிவிடும். அதனால்தான் பிழியத் தொடங்க முன் மெஷின் கொஞ்ச நேரம் மெதுவாகச் சுற்றி, உடுப்பைப் பரப்பப் பார்க்கிறது. இந்த அளவு டிரம்மில் நிமிடத்துக்கு 60 சுற்றுக்கு மேல் போனால் உடுப்பு சுவரோடு ஒட்டிக்கொள்ளும், கீழே என்றால் மேலே தூக்கப்பட்டுத் தொப்பென்று விழும். கிணற்றடிக் கல்லில் அம்மா அடித்துத் தோய்த்ததை அந்த விழுகைதான் செய்கிறது. ஆக, ஒரே டிரம் 60க்குக் கீழே தோய்க்கிறது, மேலே பிழிகிறது.

மேலால் திறக்கும் மெஷின்களில் கொங்கிறீட் பெரும்பாலும் இராது. கூடையின் விளிம்பைச் சுற்றி மூடிய ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும், அதை ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சளசளக்கும். உப்புத் தண்ணீர். வேகம் கூடியதும் அந்தத் தண்ணீர் பாரமான பக்கத்துக்கு நேரெதிரே தானாகவே போய்ச் சேர்ந்து, இரண்டு பக்கத்தையும் சமன் செய்துவிடும். சென்சரும் இல்லை, மோட்டாரும் இல்லை. எனக்கு முழு மெஷினிலும் பிடித்த பாகம் இதுதான்.

இப்போது இந்த மெஷினை ஒரு கப்பல்காரரின் கண்ணால் பாருங்கள். பொதி செய்த ஒரு மெஷின் 0.4 கன மீற்றர் இடம் பிடிக்கும், 40 அடிக் கொள்கலன் ஒன்றில் 160 அளவுதான் ஏறும். அந்த இடத்தில் பெரும்பகுதி டிரம்முக்குள் இருக்கும் காற்று, பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு கொங்கிறீட். காற்றையும் கல்லையும் கடல் கடந்து அனுப்புவதற்கு யாரும் விரும்பிக் காசு கொடுப்பதில்லை. கைத்தொலைபேசியை எங்கே செய்தாலும் ஏற்றுக்கூலி ஒரு பொருட்டில்லை, வோஷிங் மெஷின் அப்படி இல்லை. ஐரோப்பாவுக்கான மெஷின்கள் போலந்திலும் துருக்கியிலும் பெருமளவில் செய்யப்படுவதற்கும், அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கிளைட் என்ற சின்ன ஊரில் வேர்ள்பூல் நிறுவனம் இன்னும் பெரிய தொழிற்சாலை வைத்திருப்பதற்கும் இது ஒரு முக்கிய காரணம்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலைத் திரும்பக் கொண்டுவர வரியையும் போட்டுப் பார்த்தார்கள். 2018 பெப்ரவரியில் இறக்குமதி மெஷின்களுக்கு வரி வந்தது. சாம்சுங் தென் கரோலினாவிலும் எல்ஜி டென்னசியிலும் தொழிற்சாலை திறந்தன. பிறகு மூன்று பொருளியலாளர்கள் கணக்குப் பார்த்தபோது, மெஷின் விலை 12 சதவீதமளவு ஏறியிருந்தது, வரியே போடாத உலர்த்தும் மெஷினின் விலையும் கூடவே ஏறியிருந்தது, ஏனென்றால் அங்கே இரண்டையும் சோடியாகத்தான் வாங்குவார்கள். 1,800 வேலை உருவானது, ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் பாவனையாளர்கள் வருடத்துக்கு 8 இலட்சம் டொலருக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2025 ஜூனில் ஜீஈ அப்ளையன்சஸ் 49 கோடி டொலர் போட்டு, சீனாவில் செய்யும் சில மெஷின்களைக் கென்டக்கி மாநிலத்து லூயிவில்லுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. அந்த நிறுவனமே 2016இலிருந்து சீனாவின் ஹயர் குழுமத்துக்குச் சொந்தம். எந்த நாட்டு நிறுவனம் என்பதும் எந்த ஊரில் செய்கிறார்கள் என்பதும் வேறு வேறு கேள்விகள், எங்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

சரி, எங்கள் பக்கம் வருவோம். இலங்கையில் சிங்கர் குழுமத்தின் ரெக்னிஸ் நிறுவனம் (ஆங்கிலத்தில் சிங்கரைத் திருப்பி எழுதினால் வரும் பெயர்) இரத்மலானையில் குளிர்சாதனப் பெட்டி செய்கிறது, வோஷிங் மெஷினும் செய்கிறது. 2022இல் டொலர் இல்லாமல் போய், இறக்குமதிகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது உள்நாட்டில் செய்த பொருளை எல்லாரும் புதிதாகத் திரும்பிப் பார்த்தோம். மோட்டரும் மின்பலகையும் வெளியே இருந்து வரலாம், அதில் எனக்குக் குறையில்லை. தொட்டி, மூடி, உடல் போன்ற பெரிய, காற்று நிறைந்த பாகங்களைப் பிளாஸ்டிக் மணிகளாக இறக்கி இங்கே வார்ப்பதுதான் புத்தி. ஒரு கொள்கலன் பிளாஸ்டிக் மணியில் எத்தனை ஆயிரம் தொட்டி வார்க்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் இங்கே செய்தால் மட்டும் போதாது, இங்கத்தைய தண்ணீருக்குச் செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதுதான் பெரிய விசயம்.

எங்கள் நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் மண்ணில் இருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு இறங்கும்போது கொஞ்சம் அமிலமாகி, அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. அதைச் சூடாக்கினால் வாயு பறந்துபோய், கரைந்த கல் திரும்பக் கல்லாகிவிடும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான், தேசிக்காய்ப் புளியும் தண்ணீரும் விட்டு ஊறவைத்தால் நுரைத்துக் கழன்றுவிடும். என் மெஷினின் சூடாக்கும் கம்பியிலும் அதே படிவு, விரல் மொத்தத்துக்கு. ஐரோப்பியக் குழாயில் 15 பாகைக்குக் கிட்டக் குளிராக வரும் 12 லீற்றர் தண்ணீரை 60 பாகைக்குக் கொண்டுபோக அரை யூனிற்றுக்கு மேல் மின்சாரம் வேண்டும், அதற்காக வைத்த கம்பி அது. எங்கள் தாங்கித் தண்ணீர் வரும்போதே 30 பாகைக்குக் கிட்ட இருக்கிறது. அன்றாட உடுப்புக்கு அந்தக் கம்பியே வேண்டாம். வேண்டாத ஒன்றை வாங்கி, அதற்குக் கல் படியவிட்டு, பிறகு அதற்கே திருத்தக் காசு கொடுத்திருக்கிறோம்.

டிரம்மின் முதுகில் இருந்த மூன்று கால் அலுமினியத் தாங்கியைப் பார்த்தபோதுதான் மனம் நொந்தது. சாம்பல் பூசியதுபோல வெள்ளைத் தூள், ஒரு கால் பாதி தின்னப்பட்டிருந்தது. அலுமினியமும் துருப்பிடிக்காத உருக்கும் ஒட்டியிருக்க, நடுவில் உப்பும் காரமும் கலந்த தண்ணீர் நின்றால், அது சின்ன ஒரு பற்றரிபோல வேலை செய்து அலுமினியத்தைத்தான் அரிக்கும். கடலுக்குக் கிட்ட இருக்கும் சவர்க் கிணற்று வீடுகளில் இது இன்னும் கெதியாக நடக்கும்.

அப்புறம் சவர்க்காரம். சாதாரணச் சவர்க்காரம் எங்கள் தண்ணீரில் இருக்கும் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத தயிர்போல ஆகிவிடும், ஊத்தையைப் பிடிக்க வேண்டியது கல்லைப் பிடித்துவிடுகிறது. சலவைத் தூளில் சோடாவும் சியோலைற்றும் சேர்ப்பது, முதலில் கல்சியத்தைப் பிடித்து ஒதுக்கிவிடத்தான். எங்களுக்குத் தூள் கூடுதலாகப் பிடிப்பதும் அதனால்தான். நுரை வரவில்லையே என்று அள்ளிப் போடாதீர்கள், முன்பக்கம் திறக்கும் மெஷினில் நுரை கூடினால் விழுகிற உடுப்புக்கு அது மெத்தைபோல ஆகி, தோய்ப்புத்தான் குறையும்.

சவர்க்காரம் பற்றிச் சொல்லும்போது பனம்பழத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கண்ணில் காணாத பொருளானபோது, பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில்தான் இங்கே எத்தனையோ வீடுகளில் உடுப்புத் தோய்த்தார்கள். காயப்போட்ட உடுப்பை வாசத்துக்கு மாடு வந்து சப்பிவிடும், கொடிக்குக் கீழே ஒருவர் காவல் இருக்க வேண்டும். அந்தக் களியில் ஃபிளாபெலிஃபெரின் என்ற சப்போனின் வகை இருக்கிறது, பனையின் தாவரவியல் பெயரிலிருந்து வந்த பெயர். அதன் ஒரு பக்கம் எண்ணெயைப் பிடிக்கும், மறுபக்கம் சர்க்கரை, அது தண்ணீரைப் பிடிக்கும். சவர்க்காரத்தைப்போல மின்னேற்றம் இல்லாததால் கல்சியத்தோடு சேர்ந்து திரையாது. வழியில்லாத காலத்தில் எங்கள் சனம் கையில் எடுத்த பொருள், இந்தக் கல்லுத் தண்ணீரில் சவர்க்காரம் தோற்கிற இடத்தில் தோற்காத பொருள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

கடைசியில் கஸ்தூரியார் வீதியில் இரண்டு தொட்டி மெஷின் ஒன்று வாங்கினோம், இலங்கையில் செய்தது. ஒரு பக்கம் தோய்க்க, மறுபக்கம் பிழிய. தண்ணீர் கூடப் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீர் வாழைக்குத்தான் போகிறது, முதல் தண்ணீரை மட்டும் தூரத்தில் விடுகிறோம், சோடா மண்ணைக் கெடுக்கும். குழாயில் அழுத்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. முழுத் தானியங்கி மெஷின்களின் தண்ணீர்க் கதவு பலவற்றுக்கு மூன்று மீற்றருக்கு மேல் உயரத்தில் தாங்கி வேண்டும், இதற்கு வாளியும் போதும். சூடாக்கும் கம்பி இல்லை. பிழியும் கூடை சின்னது, அகலம் குறைந்ததால் கிட்டத்தட்ட அதே வேகத்தில் சுற்றினாலும் விசை குறைவு, அதனால் கொங்கிறீட் இல்லாமலே சமாளிக்கிறது.

ஆறு மாதத்தில் பிழியும் கூடைக்கு அடியில் இருக்கும் ரப்பர் சீல் ஒழுகத் தொடங்கியது. கொக்குவில் அண்ணை வந்தார், நாலு போல்ட் கழற்றினார், கூடை கையோடு வந்தது. சீலைப் பார்த்து இலக்கத்தைக் குறித்துக்கொண்டு ரவுனுக்குப் போனவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் திரும்பி வந்துவிட்டார்.