கையெழுத்து போட்டவர் வீட்டு வாசல்ல நடக்கிற பேச்சுவார்த்தை

சமாதானப் பேச்சுன்னா ரெண்டு தரப்பு ஒரு மேசைல உக்காந்து பேசுறதுன்னுதான் நெனைக்கிறோம், ஆனா பேசப் போற ஒவ்வொருத்தருக்கும் ஊர்ல இன்னொரு மேசை இருக்கு, அங்க சொந்தக் கட்சி, எதிர்க்கட்சி, மதத் தலைவர்கள், ஓட்டு போடுற ஜனங்கன்னு எல்லாரும் இருக்காங்க. அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 1988ல இதை ரெண்டு மட்டத்துல நடக்கிற ஆட்டம்னு விளக்கினார். ஊர்ல எதை ஒத்துக்குவாங்களோ அதுவரைக்கும்தான் தலைவரால விட்டுக்கொடுக்க முடியும், ரெண்டு பக்கத்து எல்லையும் எங்கயாச்சும் ஒட்டினாத்தான் ஒப்பந்தம். நிலம் பேரம் பேசும்போது "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க"ன்னு சொல்றவருக்கு விலை கொறையும், அது பலம்தான். ஆனா வாங்கி முடிச்சப்புறம் வீட்ல நிஜமாவே ஒத்துக்கலன்னா?

இலங்கைல அதான் ஆச்சு. 1957 ஜூலைல பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் போட்டாங்க. பிரதேச சபைகள், வடக்கு கிழக்குல தமிழ்ல நிர்வாகம், அவ்வளவுதான், சமஷ்டி, அதாவது கூட்டாட்சி கூட இல்ல. முந்தின வருஷத் தேர்தல்ல 8 சீட்டுக்குச் சுருங்கியிருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு எந்திரிக்க ஒரு பிடி கெடச்சுது, ஜே.ஆர். ஜயவர்த்தன கண்டிக்கு எதிர்ப்பு நடைபயணம் கெளம்பிட்டார். பண்டாரநாயக்காவே ஆட்சி மொழி 'சிங்களம் மட்டும்'னு சொல்லி ஜெயிச்சவர், அதனால அவரோட ஆளுங்களே கோவமா இருந்தாங்க. 1958 ஏப்ரல் 9, கொழும்பு ரோஸ்மீட் பிளேஸ்ல அவர் வீட்டு முன்னாடி பிக்குகள் வந்து உக்காந்துட்டாங்க. ரத்துன்னு வாயால சொன்னா பத்தாது எழுதிக் குடுங்கன்னாங்க, எழுதியே குடுத்தார். அடுத்த மாசம் தமிழர்களுக்கு எதிரா கலவரம். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும், ஏன்னா அன்னைக்கு கேட்டது ரொம்பக் கம்மி.

அப்புறம் மாறி மாறி இதே கதைதான். 2000 ஆகஸ்ட்ல ஜனாதிபதி சந்திரிகா கொண்டுவந்த, அதிகாரத்தைப் பகிர்ந்து குடுக்கிற அரசியலமைப்பு வரைவை அதே ஐக்கிய தேசியக் கட்சி எம்பிக்கள் நாடாளுமன்றத்துக்குள்ளயே கொளுத்தினாங்க. 2002ல அந்தக் கட்சித் தலைவர் ரணில் பிரதமரா விடுதலைப் புலிகளோட போர்நிறுத்தம் போட்டப்ப, ஜனாதிபதியா இருந்த சந்திரிகா எதிர்க்கட்சிக்காரர். 2003 ஜூன்ல டோக்கியோவுல உலக நாடுகள் சுமார் 450 கோடி டாலர் தர்றதா சொன்னாங்க, ஆனா சமாதானம் நகர்றதைப் பொறுத்துன்னு கொக்கி போட்டாங்க. புலிகள் ஏப்ரல்லயே பேச்சை நிறுத்தியிருந்தாங்க, அக்டோபர் கடைசில இடைக்கால நிர்வாக யோசனையோட திரும்ப வந்தாங்க. நவம்பர் 4, ரணில் வாஷிங்டன்ல இருக்கிற நேரமாப் பாத்து பாதுகாப்பு, உள்துறை, ஊடகம்னு மூணு அமைச்சையும் சந்திரிகா எடுத்துக்கிட்டார். பத்து நாள்ல, நடுவுல இருந்து பேச்சை நடத்தி வெச்ச நார்வே தூதுக்குழு, கொழும்புல யார் கைல பொறுப்புன்னு தெளிவானதும் வர்றோம்னு ஒதுங்கிடுச்சு.