மிதவையில் பிறந்த அடுப்பும் பட்டறைக்கு வரும் பழைய டிரம்களும்

"இறைச்சி சுடும் வெபர் கரி அடுப்பே மிதவையை வெட்டிச் செய்ததுதானாமே, இந்த டிரம்மையும் ரெண்டா வெட்டிக் கொடுங்க" என்று என் வெல்டிங் பட்டறைக்கு வருகிறவர்கள் உண்டு. கதை உண்மைதான். ஆனால் அவர்கள் காதில் விழுந்தது பாதிதான்.

1952இல் ஜார்ஜ் ஸ்டீபன், சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸில் வேலை பார்த்தார். எஃகு அரைக்கோளங்களைப் பற்றவைத்து, நீர்வழி காட்டும் மிதவைகள் செய்வது அங்கே நடந்த வேலைகளில் ஒன்று. வீட்டில் திறந்த அடுப்பில் இறைச்சி சுடும்போது காற்றோடும் புகையோடும் மல்லுக்கட்டி அலுத்துப்போயிருந்தார். மிதவையின் ஒரு பாதியைக் கிண்ணமாக்கி மூன்று கால் வைத்தார். மறுபாதிக்குக் கைப்பிடி வைத்து மூடியாக்கினார். முதலில் மூடியதும் நெருப்பு அணைந்ததாம். துளை போட்ட பிறகுதான் கரி நின்று எரிந்தது. கீழ்த்துளையில் காற்று நுழைந்து மேல்துளையில் வெளியேறும். துளையைக் குறைத்தால் சூடு குறையும். அந்த அடுப்பின் சூட்சுமம் இதுதான், உருண்டை வடிவம் மட்டுமல்ல.

விட்டுப்போன பாதி: அவர் எடுத்தது தண்ணீரில் கிடந்து பெயின்ட் உரிந்த மிதவையை அல்ல, தன் பட்டறையில் உருவாகிக்கொண்டிருந்த பொருளை. அது என்ன உலோகம் என்று அவருக்குத் தெரியும்.

நம்மிடம் வரும் டிரம்மில் பெயின்ட் கரைக்கும் தின்னர் இருந்ததா, பூச்சிமருந்தா? யாருக்கும் தெரியாது. காலி டிரம்மில் தங்கிய ஆவிக்கு, இரும்பு வெட்டும் கிரைண்டரின் தீப்பொறி ஒன்று போதும், வெடித்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் விளிம்பு மடிப்புக்குள் எண்ணெய் ஒளிந்திருக்கும். பழைய கப்பல், பாலச் சாமான்களில் ஈயம் கலந்த பிரைமர் இருக்கலாம். ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு என்றால் இன்னொரு தொல்லை: துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகிவிடும், எரியும் கரியின் சூடு அதைத் தாண்டும். ஜிஐ வெல்டிங் செய்த அன்று ராத்திரி குளிர்க்காய்ச்சல் கண்டவர்களுக்கு அந்தப் புகை என்ன செய்யும் என்று தெரியும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது நம் தொழிலில் சுற்றும் கட்டுக்கதை.

எந்த அடுப்பானாலும், மூடிய பால்கனியில் கரி பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

உருண்டை அடுப்புதான் வேண்டுமென்றால், டேங்க் செய்பவர்களிடம் புதிய எம்எஸ் (சாதா எஃகு) டிஷ் எண்டு, அதாவது டேங்கின் முனையை மூடும் கிண்ண வடிவத் தகடு, இரண்டு வாங்கி வாருங்கள். ஸ்டீபன் கையில் இருந்ததற்கு அதுதான் கிட்டத்தட்டச் சமம். கால், கைப்பிடி, மேலும் கீழும் திறந்து மூடும் துளை எல்லாம் நான் வைத்துத் தருகிறேன். உள்ளே பெயின்ட் மட்டும் கேட்காதீர்கள்.